ஒரே ஆங்கிலம், ஊருக்கு ஒரு பெயர்

லண்டனில் ஒருவர் 'ஏஷியன்' என்று சொன்னால் பெரும்பாலும் நம்மைப் போன்றவர்களைத்தான் சொல்கிறார். இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர், இலங்கையர். அதே சொல்லை லாஸ் ஏஞ்சல்ஸில் சொன்னால், கேட்பவர் மனதில் முதலில் வருவது சீன, கொரிய, ஜப்பானிய, வியட்நாமிய முகங்கள். சிட்னியிலும் அப்படித்தான். மூன்று ஊரிலும் பேசுவது ஆங்கிலம். ஆனால் மக்களைக் கூட்டமாகக் குறிக்கும் பெயர்கள் என்று வரும்போது ஒவ்வொரு நாடும் தனி மொழி பேசுகிறது என்று வைத்துக்கொள்வதே நல்லது.

இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது வேலையின் வழியாக. ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளைப் பதிவு செய்யும் மென்பொருளைத் தயாரிக்கும் ஒரு சென்னைக் குழுவில் பல வருடங்களாக இருக்கிறேன். பெயர், பிறந்த தேதி, முகவரி, அப்புறம் 'எத்னிசிட்டி' (இனப் பிரிவு) என்று ஒரு கட்டம். அதைத் தொட்டால் ஒரு பட்டியல் விரியும். மற்ற கட்டங்களைச் சின்னச் சின்ன மாற்றத்தோடு எந்த நாட்டுக்கும் அனுப்பிவிடலாம். இந்த ஒன்றை மட்டும் ஒவ்வொரு நாட்டுக்கும் முதலிலிருந்து எழுத வேண்டும்.

ஆஸ்பத்திரிக்கு எதற்கு இந்தக் கேள்வி என்று புதிதாகச் சேரும் பிள்ளைகள் கேட்பார்கள். காரணம் இருக்கிறது. பொதுவாக உடல் எடைக் குறியீடு 25ஐத் தாண்டினால்தான் எடை அதிகம் என்பார்கள். தெற்காசியர்களுக்கு 23லேயே சர்க்கரை நோய் அபாயம் கூடத் தொடங்குகிறது என்று பிரிட்டன் மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. தலசீமியா, சிக்கிள் செல் போன்ற ரத்த நோய்களுக்கும் பூர்வீகம் தெரிந்தால் மருத்துவருக்கு உதவும். பட்டியலில் தன்னைப் புண்படுத்தும் ஒரு பெயரைப் பார்த்தவர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார், அல்லது எதையாவது தட்டிவிட்டுப் போவார். நஷ்டம் அவருடைய உடம்புக்குத்தான். அதனால் இதை வெறும் நாகரிகப் பிரச்சினையாக என்னால் பார்க்க முடிவதில்லை.

'ஏஷியன்' கதைக்கே வருகிறேன். இங்கிலாந்து, வேல்ஸ் பகுதியின் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சீனர்கள் ஏஷியன் தலைப்பின் கீழ் இல்லை. 'சீனர் அல்லது பிற' என்று தனியாக இருந்தார்கள். 2011இல்தான் ஏஷியன் தலைப்புக்குள் வந்தார்கள். காகிதம் மாறினாலும் தெருப் பேச்சு அவ்வளவு மாறவில்லை. அமெரிக்காவில் நேர் எதிர். 1970 கணக்கெடுப்பில் அங்கிருந்த இந்தியர்களை வெள்ளையர் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். இந்திய வம்சாவளியினர் குரல் கொடுத்த பிறகு 1980இல்தான் 'ஏஷியன் இந்தியன்' என்று தனிக் கட்டம் வந்தது. இதற்கெல்லாம் வெகு முன்பு, 1923இல், பகத் சிங் திந்த் என்ற சீக்கியர் குடியுரிமைக்காக அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனார். அக்கால இனவியல்படி தான் 'காக்கேசியன்', ஆகவே வெள்ளையர் என்பது அவர் வாதம். காக்கேசியனாகவே இருந்தாலும் சாதாரண மனிதர் புரிந்துகொள்ளும் பொருளில் நீ வெள்ளையன் இல்லை என்று தீர்ப்பு வந்தது. இந்தப் பெயர்களால் குடியுரிமை கிடைத்தும் இருக்கிறது, பறிபோயும் இருக்கிறது. அப்படி ஒரு வரலாறு உள்ள நாட்டில் ஒரு கட்டத்தின் பெயரை மாற்றச் சொல்லி மக்கள் போராடினால் அதை அற்ப விஷயம் என்று யாரும் தள்ளிவிடக் கூடாது.

'பிளாக்' என்ற சொல்லும் இப்படித்தான். அமெரிக்காவில் அது ஆப்பிரிக்க வம்சாவளியினரை மட்டும் குறிக்கும். ஆனால் 1970களின் பிரிட்டனில் நிறவெறிக்கு எதிராகப் போராடிய இந்திய, பாகிஸ்தானியக் குடும்பங்களின் பிள்ளைகளும் தங்களை 'பிளாக்' என்றே அழைத்துக்கொண்டார்கள். 1979இல் மேற்கு லண்டனில் தொடங்கி இன்றும் நடக்கும் சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் அமைப்பின் பெயர் அந்தக் காலத்தின் சாட்சி. தென்னாப்பிரிக்காவில் இது சட்டமே. 1998இன் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டப்படி 'பிளாக் பீப்பிள்' என்றால் ஆப்பிரிக்கர், கலர்ட் (இவர்களைப் பற்றிக் கீழே சொல்கிறேன்), இந்தியர் மூவரும். 2008இல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் தென்னாப்பிரிக்கச் சீனர்களையும் இந்த வரையறைக்குள் சேர்த்தது. டர்பன் நகரத்துத் தமிழர் ஒருவர் வேலை விண்ணப்பத்தில் சட்டப்படி 'பிளாக்', அதே ஊர்ப் பேச்சில் 'இந்தியன்', லண்டனுக்குக் குடிபோனால் 'ஏஷியன்'.

ஆனால் நான் அதிக நேரம் செலவழித்த சொல் 'கலர்ட்' ('நிறமுள்ளவர்') தான். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இன்று அதை யாரும் சொல்லக் கூடாது. அமெரிக்காவில் நிறப் பாகுபாடு சட்டமாக இருந்த காலத்தில் தண்ணீர்க் குழாய்க்கு மேல் எழுதப்பட்ட சொல் அது. தென்னாப்பிரிக்காவிலோ அது ஒரு சமூகத்தின் பெயர். கணக்கெடுப்பில் இன்றும் இருக்கும் பெயர். 2022 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் சுமார் 8 சதவீதம் பேர் அந்தப் பிரிவில் வருகிறார்கள்.

ஒரு வீடியோ கூட்டத்தில் கேப் டவுன் ஆஸ்பத்திரியின் பதிவுப் பிரிவுத் தலைவி, "எங்களைப் போன்ற கலர்ட் குடும்பங்களில்..." என்று சாதாரணமாகப் பேசத் தொடங்கினார். பிரிட்டனிலிருந்து இணைந்திருந்த திட்ட மேலாளரின் முகம் மாறிவிட்டது. கூட்டம் முடிந்ததும் என்னைத் தனியாக அழைத்து, அந்தக் கட்டத்தை 'மிக்ஸ்ட் ரேஸ்' என்று மாற்றிவிடலாமா என்று கேட்டார். அவர் நல்லெண்ணத்தோடுதான் கேட்டார். நான் கேப் டவுனுக்கே அந்தக் கேள்வியைக் கொண்டுபோனேன். அந்த அம்மா பொறுமையாக விளக்கினார். "மிக்ஸ்ட் என்றால் அப்பா ஒரு இனம், அம்மா ஒரு இனம் என்று ஆகிவிடும். என் அம்மா கலர்ட், பாட்டி கலர்ட், பாட்டியின் பாட்டியும் கலர்ட். எங்களுக்கென்று ஊர் இருக்கிறது, சமையல் இருக்கிறது, நாங்கள் பேசும் ஆஃப்ரிகான்ஸ் இருக்கிறது. லண்டனில் இருக்கும் ஒருவருக்குக் கூச்சமாக இருக்கிறது என்பதற்காக எங்கள் பெயரை ஏன் எடுக்க வேண்டும்?"

அந்தச் சமூகத்தின் வேர்களைத் தேடினால் கேப் பகுதியின் கோய், சான் பழங்குடிகள், ஐரோப்பியர், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அடிமைகளாகக் கொண்டுவந்த இந்தோனேசியத் தீவுக்காரர்கள், மடகாஸ்கர்காரர்கள், வங்காளத்திலிருந்தும் மலபாரிலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் கப்பலேற்றப்பட்டவர்கள் என்று நீண்டுகொண்டே போகிறது. 1950இன் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் இந்தப் பெயரை ஒவ்வொருவர் மேலும் முத்திரையாகக் குத்தியது. 1991இல் சட்டம் ஒழிந்தது, பெயர் தங்கிவிட்டது. அந்த வரலாற்றினாலேயே இந்தப் பெயரை மறுப்பவர்களும் அதே சமூகத்தில் இருக்கிறார்கள். சிலர் தங்களைக் கோய்சான் என்பார்கள், சிலர் பிளாக் என்பார்கள். ஆகவே அந்த நாட்டுப் படிவத்தில் 'கலர்ட்' இருந்தாக வேண்டும், பக்கத்தில் வேறு பெயர் எழுத இடமும் இருக்க வேண்டும். அப்படியே செய்தோம். அதே மென்பொருளின் பிரிட்டன் பதிப்பில் அந்தச் சொல் எந்தத் திரையிலும் தலைகாட்டக் கூடாது என்று தனியாகச் சோதித்தோம்.

இரண்டு நாட்டுச் சொற்கள் ஒருவர் வாயில் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2020 நவம்பரில் ஒரு பெரிய உதாரணம் கிடைத்தது. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் தலைவர் கிரெக் கிளார்க் நாடாளுமன்றக் குழுவின் முன் கறுப்பின வீரர்களைப் பற்றிப் பேசும்போது 'கலர்ட்' என்றார். அதே அமர்விலேயே மன்னிப்புக் கேட்டார். அமெரிக்காவில் பல வருடம் வேலை செய்ததாகவும் அங்கே 'பீப்பிள் ஆஃப் கலர்' என்று சொல்ல வேண்டியிருந்ததாகவும் விளக்கினார். அன்றைய அமர்வில் அவர் சொன்ன வேறு சில கருத்துகளும் கண்டிக்கப்பட்டன. அன்றே பதவி விலகினார். 'பீப்பிள் ஆஃப் கலர்' மரியாதை, 'கலர்ட் பீப்பிள்' அவமானம். சொல்லின் நேர்ப்பொருளை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் கிடைக்காது. யார் எப்போது யாரைப் பார்த்துச் சொன்னார்கள் என்ற வரலாறு தெரிந்தால்தான் கிடைக்கும். 1909இல் தொடங்கிய அமெரிக்காவின் கறுப்பின உரிமைச் சங்கம் தன் பெயரில் 'கலர்ட் பீப்பிள்' என்பதை இன்றும் வைத்திருக்கிறது. ஒரு அமைப்பின் பெயரையோ சட்டத்தின் பெயரையோ நாம் திருத்தக் கூடாது, அது எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத வேண்டும். அதிலிருந்து சொல்லை உருவி மனிதர்கள் மேல் ஒட்டவும் கூடாது.

கனடாவின் 'இந்தியன்' சிக்கலுக்கும் இதே விதிதான். அங்கே 1876இல் வந்த 'இந்தியன் சட்டம்' இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அரசியல் சாசனத்தில் 1982இல் வந்த பிரிவும் பழங்குடிகளை 'இந்தியன், இனுயிட், மெட்டீஸ்' என்றுதான் பட்டியலிடுகிறது. ஆனால் நேரில் ஒருவரை அப்படிக் கூப்பிட்டால் அது அவமரியாதை. 'ஃபர்ஸ்ட் நேஷன்ஸ்' என்பார்கள், அதைவிட நல்லது அவருடைய தேசத்தின் பெயரையே சொல்வது: கிரீ, மோஹாக், ஹைடா. எல்லை தாண்டி அமெரிக்காவுக்குப் போனால் 'அமெரிக்கன் இந்தியன்' என்பதைத் தயக்கமில்லாமல் தாங்களே பயன்படுத்தும் பழங்குடியினர் நிறையப் பேர் இருக்கிறார்கள். 1944இல் அவர்கள் அமைத்த தேசியப் பேரவையின் பெயரிலும், வாஷிங்டனில் 2004இல் திறந்த அருங்காட்சியகத்தின் பெயரிலும் அந்தச் சொல் உண்டு. 'எஸ்கிமோ' இன்னும் நுணுக்கமானது. கனடாவில் அது போய்விட்டது, எட்மண்டன் நகரின் கனடியன் ஃபுட்பால் அணி 2020இல் அந்தப் பெயரையே கைவிட்டது. சரி, எல்லாரையும் 'இனுயிட்' என்று மாற்றிவிடலாமா என்றால் அலாஸ்காவில் அது தவறாகிவிடும், அங்குள்ள யூபிக் மக்கள் இனுயிட் இல்லை. அங்கே 'அலாஸ்கா நேட்டிவ்' என்பது பொதுப்பெயர். கனடாவிலோ 'நேட்டிவ்' என்ற சொல்லே பழையதாகி, ஒதுக்கப்பட்டு வருகிறது.

'இந்தியன்' ஏற்கெனவே அங்கே வேறொருவருக்குப் போய்விட்டதால் நமக்கு 'ஈஸ்ட் இந்தியன்' என்று பெயர் விழுந்தது. கனடாவின் 2021 கணக்கெடுப்புப் படிவத்தில் 'சவுத் ஏஷியன்' கட்டத்துக்குப் பக்கத்தில் உதாரணமாக 'ஈஸ்ட் இந்தியன், பாகிஸ்தானி, ஸ்ரீலங்கன்' என்று போட்டிருந்தது. டொரொன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு கிளினிக்கில் எங்கள் படிவத்தைச் சோதித்துப் பார்த்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் பட்டியலை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்: "பிள்ளை, நான் இந்தியனும் இல்லை. ஸ்ரீலங்கன் எண்டு போட எனக்கு மனமில்லை. தமிழன் எண்டு எழுத இதில இடம் இருக்கே? எங்க புள்ளடி போடுறது?" இடம் இருந்தது, 'சவுத் ஏஷியன்' கட்டத்துக்கு அடியில் கையால் எழுத ஒரு கோடு. அவர் எழுதி முடிக்கும்வரை பக்கத்தில் நின்றேன். அதற்குப் பிறகு நாங்கள் தயாரித்த எந்த நாட்டுப் பட்டியலிலும், மருத்துவருக்குத் தேவையான பெரிய பிரிவுக்குக் கீழே சொந்தமாக எழுத ஒரு கோடு கட்டாயம் என்று குழுவில் முடிவு செய்துவிட்டோம்.

டர்பனுக்கு வருவோம். மெட்ராஸிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று அங்கே கரை சேர்ந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களாகப் போனவர்களின் முதல் கப்பல். நமக்குக் 'கூலி' என்றால் உழைப்புக்குக் கிடைக்கும் காசு. அங்கே அது ஒரு மனிதனைச் சிறுமைப்படுத்த வெள்ளையர் எறிந்த சொல். வழக்கறிஞராகப் போன காந்தியையே 'கூலி பாரிஸ்டர்' என்று கூப்பிட்டார்கள். இன்றும் டர்பன் இந்தியக் குடும்பங்களில் அந்தச் சொல் காதில் விழுந்தால் சண்டைதான். சென்னையிலிருந்து அங்கே வேலைக்குப் போகும் எங்கள் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: நம் ஊரில் சகஜமாகச் சொல்கிறோம் என்பதால் 'கூலி வேலை' என்று அங்கே தமிழில்கூட வாய்விடாதீர்கள்.

இதற்கு நேர்மாறாக, தில்லியில் தமிழரும் மலையாளியும் தெலுங்கரும் ஒரே வாயில் 'மதராஸி' ஆனதைக் கேட்டு வளர்ந்த தலைமுறை என்னுடையது. அந்தச் சொல்லே எனக்குப் பிடிக்காது. ஆனால் தென் அமெரிக்காவின் கயானாவில் மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து போனவர்களின் சந்ததி தங்களை 'மெட்ராஸி' என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறது. காளியம்மன் வழிபாட்டை இத்தனை தலைமுறையாகக் காப்பாற்றிவந்த அடையாளம் அவர்களுக்கு அது. எனக்குக் கசக்கிறது என்பதற்காக அவர்கள் பெயரை நான் திருத்த முடியுமா? கேப் டவுன் அம்மா என்னிடம் கேட்டது இதே கேள்விதான்.

வேறு சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'ஓரியண்டல்' (கிழக்கத்தியர்) என்பதை அமெரிக்கா 2016இல் தன் மத்திய சட்டங்களிலிருந்தே நீக்கியது. அங்கே கம்பளத்துக்குச் சொல்லலாம், மனிதருக்குச் சொல்லக் கூடாது. பிரிட்டனில் வயதானவர்கள் கெட்ட எண்ணமில்லாமல் இன்னும் சொல்வார்கள், இளைய தலைமுறை முகம் சுளிக்கும். பாகிஸ்தானியைச் சுருக்கிய 'பாக்கி' என்பது பிரிட்டனில் அடிதடியோடு சேர்ந்து வந்த வசை, அங்கே வாழ்ந்த தமிழர்களும் அதை வாங்கியிருக்கிறார்கள். அமெரிக்காவில் அந்த வரலாறு இல்லாததால் 2002இல் அதிபர் ஜார்ஜ் புஷ் செய்தியாளர்கள் முன்னிலையில் அதை வெறும் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். பிறகு வெள்ளை மாளிகை விளக்கம் தர வேண்டியிருந்தது. 'வாக்' என்பது பிரிட்டனில் கறுத்த தோல்காரர்களுக்கான வசை. ஆஸ்திரேலியாவில் அது கிரேக்க, இத்தாலியக் குடியேறிகள் மேல் விழுந்தது. அவர்களின் பிள்ளைகள் வளர்ந்து மேடையேறி அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். அவர்கள் சொல்லலாம், வெளியிலிருந்து போகும் நாம் சொல்லக் கூடாது. ஒரு சமூகம் தனக்குள் புழங்கும் சொல் விருந்தாளிக்கான அனுமதிச் சீட்டு ஆகாது. நட்பு எவ்வளவு நெருங்கினாலும் நான் அந்தக் கோட்டைத் தாண்டுவதில்லை.

வெள்ளையர்களிடம் இதெல்லாம் பார்க்க வேண்டியதில்லை என்று ஒரு எண்ணம் நம்மிடம் உண்டு. ஸ்காட்லாந்துக்காரரை 'இங்கிலீஷ்' என்று சொல்லிப் பாருங்கள், தெரியும். 'ஸ்காட்ச்' என்று சொன்னாலும் விஸ்கிக்குத்தான் அது என்று திருத்துவார். அயர்லாந்தில் 'பிரிட்டிஷ் தீவுகள்' என்ற புவியியல் பெயரே பலருக்கு உறுத்தும், அந்நாட்டு அரசாங்கமும் அதைப் பயன்படுத்துவதில்லை. வட அயர்லாந்தில் பிறந்தவர் தன்னை ஐரிஷ் என்றோ பிரிட்டிஷ் என்றோ இரண்டும் என்றோ சொல்லிக்கொள்ளும் உரிமை 1998 சமாதான ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறது. பெல்ஃபாஸ்ட்டுக்கான படிவத்தில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கும் வட்டத்தை வைத்தால் அந்த உரிமையைப் படிவம் பறித்துவிடும். ஒன்றுக்கு மேல் தேர்ந்தெடுக்கும் சதுரம்தான் சரி.

வேலையில் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன், வெளிநாடு போகும் யாருக்கும் உதவும். ஒரு நாட்டுக்குப் போகுமுன் அந்த நாட்டின் கடைசிக் கணக்கெடுப்புப் படிவத்தை எடுத்துப் படியுங்கள். அதில் உள்ள பெயர்கள் எல்லாருக்கும் பிடித்தவை என்று அர்த்தமில்லை, ஆனால் அவற்றோடு தொடங்கினால் பெரும்பாலும் பாதுகாப்பு. நியூசிலாந்துப் படிவத்தைப் பார்க்கச் சொல்வேன். ஒருவர் எத்தனை இனத்தைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம் என்று அது தெளிவாக இடம் தருகிறது. பெயரைத் தனியாக நிறுத்தாமல் 'மக்கள்', 'சமூகம்' என்ற சொல்லோடு சேர்த்துச் சொல்லுங்கள். ஆஸ்திரேலியாவில் 'அபாரிஜின்' என்று ஒற்றைச் சொல்லாகச் சொல்வது காதில் கடுமையாக விழும். 'அபாரிஜினல் அண்ட் டோரஸ் ஸ்ட்ரெய்ட் ஐலேண்டர் பீப்பிள்' என்று முழுதாகச் சொல்வார்கள். நீளம்தான், பரவாயில்லை. குறிப்பான பெயர் தெரிந்தால் பொதுப்பெயரை விட்டுவிடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், இனத்தைச் சொல்ல வேண்டிய அவசியம் அந்த வாக்கியத்துக்கு இருக்கிறதா என்று பாருங்கள். "அந்த ஏஷியன் டாக்டர்" என்பதில் டாக்டர் போதும். யாராவது திருத்தினால் அவர் சொன்ன பெயரை அந்த நிமிடமே எடுத்துக்கொண்டு பேச்சைத் தொடருங்கள். சிங்கப்பூரில் அடையாள அட்டையிலேயே இனம் இருப்பதால் "வாட் ரேஸ்?" என்று கேட்பது அங்கே அன்றாடம். அந்தப் பழக்கத்தோடு லண்டனுக்கு மாற்றலாகிப் போகிறவர்களுக்கு, அங்கே அப்படிக் கேட்காதீர்கள் என்று தனியாகச் சொல்லி அனுப்புவேன்.

இப்போது கையில் இருப்பது அமெரிக்கப் பட்டியல். 2024 மார்ச்சில் அந்நாட்டு அரசு தன் வகைப்பாட்டைத் திருத்தி, 'மத்தியக் கிழக்கு அல்லது வட ஆப்பிரிக்கா' என்று புதுப் பிரிவு சேர்த்தது. அதுவரை லெபனானிலிருந்தும் எகிப்திலிருந்தும் வந்தவர்கள் விதிப்படி 'ஒயிட்'. பழைய பதிவுகளில் பிறந்த நாட்டைப் பார்த்து மென்பொருளே அவர்களைப் புதுப் பிரிவுக்கு மாற்றிவிடட்டும் என்று எங்கள் குழுவில் ஒரு யோசனை வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. பழைய பதிவு பழையபடியே இருக்கும். அந்த நோயாளி அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு வரும்போது புதிய பட்டியல் அவர் முன் திறக்கும், எந்தக் கட்டம் என்று அவரே தொடுவார்.